டிராக்டருக்குக் கயிறு போதாது

ஆசிரியருக்கு,

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கு டிரெய்லரில் போகும் டிராக்டரை நைலான் கயிற்றால் கட்டி ஏற்றுவதை நிறுத்த வேண்டும். வழியிலுள்ள திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். 50 குதிரைத்திறன் வண்டி ஏறத்தாழ 2 டன். டயர் குலுங்கக் குலுங்கக் கயிறு இழுபட்டுத் தளர்ந்துவிடும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என இரும்புச் சங்கிலி போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்க வேண்டும். சங்கிலியை அச்சில் மாட்டுங்கள். ஸ்டியரிங் ராடில் மாட்டினால் அது வளைந்துபோகும்.

ஏற்றும்போதுதான் ஆபத்து அதிகம். டிரெய்லரில் சாய்த்துவைக்கும் ஏற்றுப்பலகை செங்குத்தாக இருந்து, முன்பக்கமாக ஏற்றினால் முன்சக்கரம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே வண்டி மல்லாந்துவிடும். ரிவர்ஸில், லோ கியரில், மெதுவாக ஏற்றுங்கள். அதற்கு முன் இடது, வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துக் கொக்கி போட மறக்கவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி திரும்பிப் பலகையை விட்டு இறங்கிவிடும். பக்கத்தில் ஆள் நிற்கவே வேண்டாம், கை காட்டுவதற்குக்கூட.

ஏற்றியதும் ஹேண்ட் பிரேக், கியர் இரண்டும் போட்டு, பின்னால் மாட்டியிருக்கும் ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) டிரெய்லர் தளத்தில் இறக்கி அதற்கும் தனிச் சங்கிலி போடுங்கள். மலை ஏறுமுன் பண்ணாரியில் நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள்.

- வாசகர், சத்தியமங்கலம்