ஆண்டறிக்கை 2025-26: நரசிம்மன் நூற்றாண்டு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது அறிவியல் வாசகர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மழையால் ஒன்று மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. நூலகக் கூரையில் ஒழுகல் சரிசெய்யப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மற்றபடி இந்த ஆண்டு முழுக்க ஒரே மனிதரைச் சுற்றித்தான் போனது. ரங்கசாமி நரசிம்மன் 1926 ஏப்ரல் 17 அன்று சென்னையில் பிறந்தவர். அவருடைய நூற்றாண்டை நாம் கொண்டாட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் நான் சொன்னபோது, "யார் அவர்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே கட்டிய முதல் டிஜிட்டல் கணினி அவர் தலைமையில் உருவானது. தெருவுக்கு நாலு பிள்ளைகள் கணினி வேலைக்குப் போகிற காலத்தில் இந்தப் பெயர் நமக்குத் தெரியாமல் இருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. அதனால்தான் இதை விடாமல் செய்தோம்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்து, அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் முதுகலை முடித்து, இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் நரசிம்மன். ஹோமி பாபா நடத்திவந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர 1954ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு சின்னக் குழு. அதில் இருந்த இளைஞர்கள் இயற்பியல் படித்தவர்கள். கணினியை வடிவமைத்ததும் இல்லை, பயன்படுத்தியதும் இல்லை. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அந்தச் சமயத்தில் பிரிட்டனிலிருந்து ஒரு கணினியை வரவழைத்தது. பம்பாய்க் குழுவோ சொந்தமாகவே ஒன்றைக் கட்டிவிடலாம் என்று இறங்கியது. 1956ல் சோதனை இயந்திரம் ஓடியது. அந்தத் தைரியத்தில் பெரிய இயந்திரத்தைத் தொடங்கி, 1960ல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு டிஃப்ராக் என்று பிரதமர் நேரு பெயர் வைத்தது 1962 ஜனவரியில்தான். அதாவது வேலைக்கு வந்த பிறகும் சுமார் இரண்டு வருடம் பெயரில்லாமலே உழைத்திருக்கிறது.

டிஃப்ராக் பற்றிய கூட்டம்தான் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் என்பது என் கருத்து. மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தன் வீட்டுப் பழைய வால்வு ரேடியோவைக் கொண்டுவந்து, பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். மின்சாரம் கொடுத்த பிறகு வால்வு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ணாடிக் குழாய், மெல்லச் செம்மஞ்சளாகச் சிவந்து, பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரிந்தது. "இதில் இருப்பது அஞ்சு வால்வு. டிஃப்ராக்கில் 2,700" என்றார். கூட்டம் அப்படியே அமைதியானது. 2,700 வால்வு, 1,700 ஜெர்மானியம் டையோடு, 12,500 மின்தடை, எல்லாம் 18 அடி நீள எஃகு அடுக்குகளுக்குள். ஏதாவது ஒன்று பழுதானால் கதவைத் திறந்து தேட வேண்டும்.

அப்புறம் நினைவகம். கணினி ஒரே தடவையில் கையாளும் தகவல் துண்டுக்குச் 'சொல்' என்று பெயர். ஒரு சொல்லுக்கு 40 பிட், அதாவது பூஜ்யம் அல்லது ஒன்று என்று 40 இடங்கள். அப்படி 2,048 சொற்கள். ஒரு பிட்டுக்கு ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான ஒரு குட்டி வளையம் என்று கணக்குப் போட்டால் 81,920 வளையங்கள். ஒவ்வொன்றின் துளை வழியாகவும் மெல்லிய கம்பிகள் போக வேண்டும். வளையம் எந்தத் திசையில் காந்தமாகியிருக்கிறது என்பதுதான் பூஜ்யமா ஒன்றா என்பதைச் சொல்லும். அதைப் படிக்கும்போதே அந்தத் தகவல் அழிந்துவிடும் என்பதால், படித்த கையோடு திரும்ப எழுதியாக வேண்டும். இதைக் கேட்ட ஒரு பள்ளி மாணவி, "எழுதுறதுக்குள்ள கரண்ட் போயிட்டா?" என்று கேட்டாள். பொறியாளர்களுக்குத் தோன்ற வேண்டிய கேள்வி அது.

அந்தக் கூட்டத்தில் ஒரு விவாதம் எழுந்ததையும் பதிவு செய்கிறேன். டிஃப்ராக் முடிவதற்குள் உலகம் வால்வின் வேலையைச் செய்யும் குட்டிக் கருவியான டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. 1964ல் அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவின் சி.டி.சி. 3600 என்ற கணினி வந்து சேர்ந்தது. அப்படியானால் இத்தனை உழைப்பு வீண்தானே என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது: கடையில் வாங்கியிருந்தால் ஒரு கணினி கிடைத்திருக்கும். கட்டியதால் கணினி தெரிந்தவர்கள் கிடைத்தார்கள். ஒரு கட்டளை எந்தக் கம்பியில் புறப்பட்டு எங்கே போய் நிற்கிறது என்று தொட்டுக் காட்டக்கூடியவர்கள் அப்போது நாட்டில் வேறு எத்தனை பேர்? டிஃப்ராக்கில் கணக்குப் போட வந்த விஞ்ஞானிகளும் அங்கேதான் நிரல் எழுதக் கற்றார்கள். இந்தியக் கணினிக் கழகம் உருவானபோது நரசிம்மனே அதன் முதல் தலைவரானார்.

கணினியைக் கட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் குமிழி அறைப் புகைப்படங்களைக் கணினியால் ஆராய்வதில் ஈடுபட்டார். அணுத்துகள்கள் பாயும்போது விட்டுச்செல்லும் கோடுகளின் படங்கள் அவை. படத்தை இன்ன வகை என்று பிரித்துவைத்தால் மட்டும் போதாது, அதில் என்ன இருக்கிறது என்று விவரிக்க வேண்டும் என்றார். சொற்கள் சேர்ந்து வாக்கியம் ஆவதுபோல், புள்ளிகள் சேர்ந்து கோடு, கோடுகள் சேர்ந்து தடம் என்று படத்துக்கும் ஓர் இலக்கணம் எழுதலாம் என்பது அவர் யோசனை. படத்தில் உள்ளதைக் கணினி இனங்காணும் துறையான உருவமறிதலில் இலக்கண அணுகுமுறைக்கு வழிபோட்ட ஆய்வுகளில் ஒன்று இது.

அங்கிருந்து மொழிக்கு வந்தார். தமிழ் பேசும் ஒரு குழந்தை வீட்டாரோடு பேசிப் பழகும் உரையாடல்களைப் பம்பாயில் அவரும் சக ஆய்வாளர் வைத்தியநாதனும் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். குழந்தை கேட்பது, மறுப்பது, பெரியவர்கள் திருப்பிச் சொல்லித் திருத்துவது, இவையெல்லாம் அவருக்கு ஆய்வுப்பொருள். மொழியை ஏட்டு இலக்கணமாக மட்டும் பார்க்காமல் மனிதர்களுக்கிடையே நடக்கும் செயலாகப் பார்த்தார். கணினி விஞ்ஞானி ஒருவர் தமிழ்க் குழந்தையின் மழலையை உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்பதே நம் உறுப்பினர்களுக்குப் பெரிய வியப்பு. மகளிர் பிரிவு தங்கள் பேரப்பிள்ளைகளின் பேச்சைக் குறித்துவைக்கத் தொடங்கியிருக்கிறது. கடைசி வரை அவர் இந்தக் கேள்விகளை விடவில்லை. எழுத்தில்லாமல் வாய்மொழியாகவே நூல்களைக் காத்த நம் மரபை எழுத்தறிவுக்கு வெளியே தள்ளிவிட முடியுமா என்று 2004ல் வந்த நூலில் விவாதித்தார். 1977ல் பத்மஸ்ரீ பெற்றவர், 2007 செப்டம்பர் 3 அன்று காலமானார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு வேலைகளை முன்வைக்கிறது. பள்ளி மாணவர்கள் சுவிட்சும் பல்பும் வைத்து, இரண்டு பிட்டுகளைக் கூட்டும் சுற்றைத் தாங்களே கட்டும் விடுமுறைப் பயிற்சி ஒன்று. செய்து காட்டுவதற்கு ஆள் உண்டு. செய்பவர்கள் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இன்னொன்று, நரசிம்மனைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூல். அறுபது, எழுபதுகளில் பம்பாயில் கணினித் துறையில் வேலை பார்த்த உறவினர்கள் யாருக்காவது இருந்தால், அவர்களிடம் உள்ள படங்கள், கடிதங்கள், குறிப்புகளை நூலகத்துக்குப் பிரதி எடுக்கத் தந்து உதவுங்கள். அசலைப் பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு.

கூட்டங்களுக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ரேடியோவைச் சுமந்து வந்த மூத்தவருக்கும், நாற்காலி போட்டு எடுத்துவைத்த இளைஞர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்று, இரண்டு திட்டங்களுக்கும் ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்