அண்ணன் நிறுத்திய மாத்திரை

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று என்று வாசித்ததும் கொஞ்ச நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் இருவருக்கும் ஒரே இலையில் மரச்சீனியும் மீன்கறியும் வைத்துத் தந்த கை அது. திருவனந்தபுரத்தில் சிகிச்சை தொடங்கும் முன் எங்கள் வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

அண்ணனுக்கு மைலோமா என்ற ரத்தப் புற்று என்று உனக்குத் தெரியும். அதற்கான போர்டிசோமிப் ஊசி தொடங்கியபோதே, வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரையைத் தினமும் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். "இத்தனை மாத்திரையில் ஒன்றாவது குறையட்டும்" என்று அவராகவே நிறுத்திவிட்டார். ஆடிச் சாரலில் ஒருநாள் முதுகின் ஒரு பக்கம் தீப்பட்டது போல் எரிச்சல். மறுநாள் வரிசையாகக் கொப்புளம். அக்கி என்று மைனி பார்த்ததுமே சொல்லிவிட்டாள். காவி குழைத்து எழுதினால் அடங்கும் என்றார்கள், எழுதினோம். இரண்டு நாள் அதில் போயிற்று. வயிற்றிலும் கையிலும் கொப்புளம் கிளம்பி, காய்ச்சலும் வந்த பிறகுதான் வண்டி பிடித்தோம்.

ஏழு நாள் அசைக்ளோவிரை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். சிறுநீரகம் கெடாமலிருக்கக் கூடவே சலைனும். கொப்புளம் காய்ந்துவிட்டது. வலி மட்டும் போகவில்லை, இப்போதும் சட்டை உரசினாலே துடிக்கிறார்.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்தே கிடக்குமாம், எதிர்ப்புச் சக்தி இறங்கியதும் எழுந்துவிடுமாம். மற்றவர்களுக்கு அக்கி பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், காவிக்கு நல்ல பெயர் கிடைத்ததும் அதனால்தான். ரத்தப் புற்று உள்ளவர்களின் உடம்பில் அதை அடக்கும் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒன்று வாசித்தேன். லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுக்கு மெர்காப்டோப்யூரின் மருந்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன். பின்னாளில் அசைக்ளோவிர் பிறந்ததும் அவர் குழுவில்தான். 1988இல் நோபல் கிடைத்தது. அந்த அம்மையாரை மனதுக்குள் கும்பிட்டேன்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். லிம்போமாவுக்கான ரிடுக்சிமாப் மருந்து கொடுப்பதாக இருந்தால், ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிந்ததா என்று முதலில் கேள். எப்போதோ வந்து போன கிருமிகூட அந்த மருந்தில் தலைதூக்கி ஈரலைத் தாக்கும். தேவைப்பட்டால் அந்தக் கிருமியை அடக்கும் என்டெகாவிர் மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவார்கள். சிகிச்சை முடிந்த பிறகும் ஓராண்டுக்குக் குறையாமல் சாப்பிட வேண்டியிருக்கும், நடுவில் விட விடாதே. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்க வேண்டாம், நடுராத்திரியானாலும் டாக்டரைக் கூப்பிடு. ஃப்ளூ என்றால் அதற்கான ஓசெல்டாமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அப்புறம், நீயும் பிள்ளைகளும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அண்ணனும் வருகிறேன் என்கிறார். மாத்திரை விஷயத்தை அம்மாவிடம் அவரே சொல்வாராம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்