எந்த டாலமி என்று சேர்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் ஆங்கிலப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்த்தவன் நான். சென்ற ஞாயிறு தங்கள் மாணவர் பக்கத்தில் ஆங்கிலத்தில் வந்த சிறு பத்தியை, ஒன்பதாவது படிக்கும் என் பேத்தி தோசைக்குக் காத்திருந்தபடியே உரக்கப் படித்தாள். எகிப்தை ஆண்ட மன்னர் டாலமி அலெக்சாண்டிரியாவில் கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தார், அவரே எழுதிய நிலநூலில் நம் மயிலாப்பூரும் இருக்கிறது என்பது அதன் சாரம். "தாத்தா, நம்ம ஏரியாவப் பத்தி ஒரு ராஜாவே எழுதியிருக்காரு!" என்றாள். மந்தைவெளிப் பிள்ளைக்கு மயிலாப்பூர் என்றால் சொந்த வீடு மாதிரி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் ஒருவர் அல்ல, இரண்டு பேர் என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கலங்கரை விளக்கம் கட்டி முடிந்தது கி.மு. 3ஆம் நூற்றாண்டில், இரண்டாம் டாலமி காலத்தில். அந்த அரச வம்சம் கி.மு. 30இல் ஏழாம் கிளியோபாட்ராவோடு முடிந்துபோயிற்று. நிலநூல் எழுதிய கிளாடியஸ் டாலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ரோமப் பேரரசின் கீழிருந்த அதே அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த வானியல் அறிஞர். அவர் சொல்லும் மாலியார்பா என்ற துறைமுகம்தான் மயிலாப்பூர் என்று பலர் கருதுகிறார்கள். அவர் அரசர் அல்லர். பழைய ஐரோப்பிய ஓவியர்களும் பெயரைக் கேட்டு ஏமாந்து அவர் தலையில் கிரீடம் வைத்து வரைந்திருக்கிறார்கள். 'டாலமிக் எகிப்து' என்றால் அரசர்களின் எகிப்து. 'டாலமிக் சிஸ்டம்' என்றால் பூமியைச் சூரியன் சுற்றுகிறது என்ற வானியலாரின் கணக்கு. ஒரே சொல்லுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதைப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டாமா?

அந்தப் பத்தியின் ஆங்கிலத்திலும் மூன்று இடங்கள் என்னை உறுத்தின. 'செகண்ட் டாலமி' என்று அச்சாகியிருக்கிறது. தமிழில் இரண்டாம் டாலமி என்று எண் முன்னால் வரும். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னால்தான். எழுதும்போது பெயரும் ரோமன் எண்ணும் மட்டும், படிக்கும்போது 'டாலமி த செகண்ட்'. இதைச் சொல்லித்தராததால் என் பேத்தி இன்னோரிடத்தில் 'டாலமி டூ' என்று படித்தாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பட்டப்பெயரும் அப்படியே: மகா அலெக்சாண்டர் என்பது 'அலெக்சாண்டர் த கிரேட்' ஆகுமே தவிர 'கிரேட் அலெக்சாண்டர்' ஆகாது. அடுத்தது டாலமி என்ற பெயரின் பன்மை. கடைசி ஒய் எழுத்துக்குப் பிறகு மேற்கொம்பு (அப்பாஸ்ட்ரஃபி) போட்டு எஸ் சேர்த்திருக்கிறீர்கள். அது உடைமையைக் காட்டுவது. ஆட்பெயரில் ஒய் அப்படியே நின்று எஸ் மட்டும் சேர்வதுதான் பொதுவழக்கு என்றாலும், இந்த வம்சத்துக்கு மட்டும் ஒய்யை எடுத்துவிட்டு ஐ, இ, எஸ் போடுவதே நிலைத்துவிட்டது. மூன்றாவதாக, மேற்கு ஆசியாவை ஆண்ட செலூக்கிட் அரசர்கள் எல்லோரையும் செலூக்கஸ் என்று எழுதியது. செலூக்கிட் என்பது வம்சத்தின் பெயர். அதில் அந்தியோக்கஸ் என்ற பெயரில் மட்டுமே பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள்.

இந்த எண்களெல்லாம் பிற்கால வரலாற்றாசிரியர்கள் வசதிக்காக வைத்தவை. டாலமிகளின் பெரும்பாலான காசுகளில் 'அரசர் டாலமியுடையது' என்று மட்டுமே இருக்கும். அவர்கள் காலத்தில் ஆளைப் பிரித்தது சிறப்புப்பெயர்தான்: முதலாமவர் சோட்டர், காப்பவர், மூன்றாமவர் யூர்கெட்டிஸ், நன்மை செய்பவர். நமக்கு இது புதிதா என்ன? ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் வேறு, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வேறு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் என்று இறந்த இடத்தை வைத்துக்கூடப் பிரித்துச் சொன்னவர்கள் நம் முன்னோர்.

எனக்கு என் தாத்தாவின் பெயர். புருஷன் பெயர் என்பதால் பாட்டி கடைசிவரை என்னை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை; 'பெரியவனே' என்றுதான் கூப்பிடுவாள். மாசிடோனியாவை ஆண்ட ஆன்டிகோனஸ் வம்சத்திலும் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் இதே வழக்கத்தைப் பார்க்கலாம். ஒற்றைக்கண் ஆன்டிகோனஸ், அவர் மகன் டிமெட்ரியஸ், பேரன் மறுபடியும் ஆன்டிகோனஸ், அவருடைய மகன் மறுபடியும் டிமெட்ரியஸ்.

அந்தப் பேரனைத்தான் அசோகர் தம் 13ஆம் பாறைக் கல்வெட்டில் அந்திகினி என்கிறார். சோழரையும் பாண்டியரையும் சொல்லும் அதே கல்வெட்டு. துரமாய என்பவர் இரண்டாம் டாலமி, அந்தியோக என்பவர் இரண்டாம் அந்தியோக்கஸ். அலிகசுதர என்ற பெயரைப் பார்த்ததும் பிள்ளைகள் மகா அலெக்சாண்டர் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் கி.மு. 323இலேயே இறந்துவிட்டார், கல்வெட்டு அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பிந்தையது. இவர் எபிரஸ் நாட்டு அலெக்சாண்டரா, கொரிந்து நகரத்தவரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அசோகருக்கு எண் தேவைப்படவில்லை, அவர்களெல்லாம் அவர் காலத்தில் ஆண்டுகொண்டிருந்தவர்கள். 2,200 ஆண்டு கழித்துப் படிக்கிற பிள்ளைக்குத் தேவைப்படுகிறது.

ஆகவே வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். திருத்திய ஆங்கிலப் பத்தியைத் தட்டச்சு செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். மயிலாப்பூர் வரியை எடுத்துவிட வேண்டாம். கிளாடியஸ் டாலமி என்று முழுப்பெயர் போட்டால் போதும். என் பேத்தி அந்த வரியைக் கத்தரித்துப் பள்ளி நோட்டில் ஒட்ட வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழை திருத்துநர்,
மந்தைவெளி, சென்னை.