பி. ரம்லிக்கு மீசை மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலாய்த் திரைப்பட இயக்குநர் பி. ரம்லியைக் கேலிச்சித்திரமாக வரைந்து அனுப்பும் இணையப் போட்டிக்கு நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் இளைஞர்களும் ஆர்வத்தோடு படம் அனுப்புகிறார்கள். 1929-இல் இதே பினாங்கில் பிறந்த கலைஞரை நம் பிள்ளைகள் வரைவது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் கைப்பேசியில் சுற்றிவரும் படங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: பெரிய தலை, குட்டி உடம்பு, கோட்டு, மீசை. கீழே எழுதியிருக்கும் பெயரை விரலால் மறைத்துவிட்டால் அது அந்தக் காலத்துக் கல்யாணப் படத்தில் நிற்கும் யாரோ ஒரு மாப்பிள்ளை. உழைப்பு குறைவில்லை, வழிதான் தெரியவில்லை. நடத்துகிறவர்களும் அதைச் சொல்லித் தரவில்லை.

மூக்கைப் பெரிதாக்கினால் கேலிச்சித்திரம் ஆகிவிடும் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். கூட்டிக் குறைக்க வேண்டியது உறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளை. சராசரி முகத்தில் உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் கண் வரும். இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கும் அளவு இடம் இருக்கும். முகத்தின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண். இந்த அளவில் ஒரு முகத்தைப் பென்சிலில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரையப்போகிறவர் முகம் எங்கெங்கே இதிலிருந்து விலகுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த விலகலில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்து ஒன்றரை மடங்கு கூட்டினாலே போதும். ஓரிடத்தில் கூட்டினால் இன்னோரிடத்தில் குறைக்க வேண்டும். நெற்றி ஏறினால் முகவாய் சுருங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக ஊதிப் பெருக்கினால் சாயல் ஓடிவிடும்.

பி. ரம்லியின் மீசையையே எடுத்துக்கொள்வோம். மேலுதட்டை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு அது. மூக்குக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே மழித்த தோல் தெரியும். ஆளைக் காட்டிக்கொடுப்பது அந்த வெற்றிடம்தான். 0.8 மி.மீ. முனைப் பேனாவால் ஒரே இழுப்பில் தடிப்பாகப் போட்டால் அந்த இடம் அடைபட்டு, பழைய படத்து வில்லன் மீசை ஆகிவிடுகிறது. 0.1 மி.மீ. முனைப் பேனாவை எடுத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் குட்டிக் குட்டிக் கோடுகளாக இழுக்க வேண்டும். தலைமுடிக்கு இதற்கு நேர்மாறான வேலை. அலை அலையாக மேலே தூக்கி வாரிய முடியை மயிரிழை மயிரிழையாக வரைந்தால் துடைப்பம் போலத் தெரியும். மொத்த வடிவத்தையும் முதலில் ஒரே கறுப்பாக மனத்தில் வாங்கிக்கொண்டு, அதில் மூன்று நான்கு அலைகளை மட்டும் பிரித்து, வெளிச்சம் விழும் இடத்தைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடலாம்.

பார்த்து வரைய ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துக்கொள்வதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம். அவர் படம் இயக்கத் தொடங்கியது 1955-இல், சிங்கப்பூரில். 1964-இல் கோலாலம்பூருக்கு வந்தார். 1973-இல் காலமானபோது வயது 44. இளமைக்கால முகத்தின் கண்ணையும் கடைசிக்காலக் கன்னத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் அது யாருடைய முகமும் ஆகாது. ஏதாவது ஒரு காலத்தைத் தேர்ந்து, அந்தக் காலத்துப் படங்களாகவே நான்கைந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்களில் மேலிருந்து அடிக்கும் ஸ்டூடியோ விளக்கு கன்ன எலும்புக்குக் கீழே நிழல் போடும். அந்த நிழலைக் குழி என்று நினைத்து வரைகிறவர்கள் ஆளை நோயாளி ஆக்கிவிடுகிறார்கள்.

நல்ல தாளைத் தொடும் முன், தீப்பெட்டி அளவில் பத்துப் பன்னிரண்டு குட்டிப் படங்கள் 2பி பென்சிலில் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போதும். பிறகு அவற்றை உள்ளே முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். வெறும் விளிம்பை வைத்தே ஆள் தெரிகிற படம்தான் மேலே கொண்டுபோகத் தகுந்தது. திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தன் பக்கவாட்டு முகத்தை ஒன்பதே கோடுகளில் தானே வரைந்து வைத்தார். உலகம் முழுவதும் அதைப் பார்த்து ஆளைச் சொல்கிறது. வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். கண் ஏறி இறங்கி இருந்தால் கண்ணாடி உடனே சொல்லிவிடும்.

நடிகர், பாடகர், இசையமைப்பாளர் என்று பல முகம் உள்ளவரை இயக்குநராகக் காட்ட, கிளாப் பலகை, ஒலிபெருக்கி, கேமரா, நாற்காலி எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். ஒரு பொருள் போதும். “கொஞ்சம் பொறு” என்று நீளும் கை நான்கு பொருளின் வேலையைச் செய்யும்.

தாள், சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கார்ட்ரிட்ஜ் எனும் தடித்த ஓவியத் தாளாக இருக்கட்டும். போட்டோகாப்பித் தாளில் மை பிசிறும். நம் ஊர் ஈரக்காற்றில் தாள் எளிதில் ஈரம் வாங்கும். மையும் மெதுவாகவே காயும். மை போட்ட ஐந்தாம் நிமிடம் ரப்பரை வைத்தால் கறுப்பு இழுபடும். அரை மணி நேரமாவது காற்றாடியின் கீழ் வைத்துவிட்டுப் பென்சில் கோட்டை அழிப்பது நல்லது. ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ4 தாளுக்கு அது 2480-க்கு 3508 பிக்சல் வரும். கைப்பேசிதான் இருக்கிறது என்றால் தாளுக்கு அருகே குனிந்து எடுக்கக் கூடாது. கிட்டே போகப் போக ஓரங்கள் வளைந்து, தலை சாய்ந்து, பாடுபட்டுப் பிடித்த அளவெல்லாம் கெட்டுப்போகும். ஒரு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில், ஃபிளாஷ் இல்லாமல், காலை நேரச் சன்னல் வெளிச்சத்தில் எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் படம் நசுங்கும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

மனத்தை வருத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் இயக்குநர்களை, குறிப்பாகத் தமிழ்ப்பட இயக்குநர்களை, வரையும்போது தோலைக் கரியாக்கி உதட்டைத் தடிப்பாக்குவதைத் திறமை என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு விருப்பக்குறியும் விழுகிறது. நிறத்தைக் கூட்டுவதால் சாயல் ஓர் இழைகூட அதிகமாகாது. அது ஓவியப் பிழை. அதோடு ஒரு மனிதரை அவமதிப்பது. நடுவர்கள் அப்படிப்பட்ட படத்தை முதல் சுற்றிலேயே ஒதுக்க வேண்டும். விதிமுறையிலும் அதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

போட்டி நடத்துவோரிடம் முக்கியமான ஒரு வேண்டுகோள்: இறுதிப் படத்தோடு அந்தத் தீப்பெட்டி அளவுப் பென்சில் வரைவுகளையும் ஒரே தாளில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படத்தின் மேல் தாளை வைத்து இழுத்தவர் யார், செயலியிடம் வரைந்து வாங்கியவர் யார், முகத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறர் எடுத்த புகைப்படத்தை அப்படியே இழுத்தெடுப்பது மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி சிக்கலில் கொண்டுபோய் விடலாம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நூறு மதிப்பெண்ணில் முப்பதை வரைவுகளுக்கு ஒதுக்கினால், நல்ல பேனாவும் டேப்லெட்டும் வாங்க முடியாத தோட்டப்புறப் பிள்ளைக்கும் சமமான வாய்ப்பு கிடைக்கும். ஒரு 2பி பென்சில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

தங்கள் ஞாயிறு மலரில் தேர்வான படங்களை வெளியிடும்போது, பக்கத்திலேயே அவற்றின் பென்சில் வரைவுகளையும் சிறிதாக அச்சிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓவியப் பயிற்றுநர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.