அரைக் கட்டை

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை காலை

பாப்பா,

போன வாரம் நீ வாட்சாப்பில் அனுப்பிய குரல் பதிவை நாலு தடவை கேட்டேன். விஷயத்துக்காக ஒரு தடவை, மற்ற மூன்றும் உன் குரலுக்காக. நடிக்கிற டிவி தொடர் முடியப்போகிறது, அடுத்த வேலை கையில் இல்லை, ஒரு வங்கியில் மனு போட்டிருக்கிறேன் என்றாய். சரி, அது உன் முடிவு. ஆனால் பேசி முடித்துவிட்டு, பட்டனை அழுத்த மறந்தாயோ என்னவோ, இரண்டு வரி முணுமுணுத்தாய். உடனே பரணில் இருந்த ஹார்மோனியத்தை இறக்கி வைத்து ஒத்துப் பார்த்தேன். ஐந்தரைக் கட்டை சுருதியில் அலட்டிக்கொள்ளாமல் பாடினவள் ஐந்துக்கு வந்திருக்கிறாய். அதுவும் மேலே போகும்போது காற்று கலந்து வருகிறது.

ஃபோனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் தாளும் பேனாவும்.

முதலில் ஊர்க் கதை. அம்மா இப்போதெல்லாம் பசாருக்குத் தனியாகப் போவதில்லை. மீன்கார அக்கா கெம்போங் மீனை நிறுத்துக்கொண்டே, "அந்த மருமகப் பொண்ணை உங்க மக ஏன்க்கா அந்தப் பாடு படுத்துது?" என்று கேட்டிருக்கிறாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாளாம். அம்மா வீட்டுக்கு வந்து பையை வைத்த வேகத்தில் மீன் துள்ளியிருக்கும். "பாட்டுப் பாடுற பொண்ணுக்கு எதுக்கு இந்த நாத்தனார் வேஷம்?" என்று என்னிடம் பாய்ந்தாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த அக்காவை அவ்வளவு கோபப்படுத்தியிருக்கிறாய் என்றால் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறாய் என்று சொன்னேன். இரவு சாப்பாட்டில் மீன் இல்லை.

வேஷத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொள்வது எனக்குப் பழகிய விஷயம். உனக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

1974, எனக்கு வயது 17. ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அரிச்சந்திரன் நாடகத்து மயான காண்டம் போடுவதாக முடிவாயிற்று. பெண் பிள்ளைகளை மேடையேற்ற எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. என் குரல் கொஞ்சம் மேலே போகும், மீசையும் சரியாக முளைக்கவில்லை. ஆகவே நான் சந்திரமதி. எண்ணெய் டிரம்களை நிறுத்தி மேலே பலகை பரப்பினால் மேடை. லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இரவல் வாங்கிய புடவைகள்தான் திரை. மைக் ஒன்றே ஒன்று, நடுவில் மூங்கிலில் கட்டித் தொங்கும். யாருக்கு வசனமோ அவர் அதன் அடியில் வந்து நின்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு விலக வேண்டும். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டாலும் வரிசைதான். மைக்கைத் தாண்டி லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்க வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து எடுத்தாக வேண்டும். ஹார்மோனியம் வாசித்த தாத்தா ஒத்திகையில் என் வயிற்றில் கையை வைத்து, "இங்கேயிருந்து வா, இங்கேயிருந்து" என்று அமுக்குவார்.

தோட்டத்துக் கணக்கர் கிராணியார் வீட்டுக் கடைக்குட்டிதான் செத்துப்போன லோகிதாசன். பிணமாகப் படுத்திருந்தவன் கொசு கடித்ததும் பட்டென்று தொடையில் அடித்தான். அதைக்கூட ஜனங்கள் மன்னித்துவிட்டார்கள். கால் பணத்துக்கும் முழத் துண்டுக்கும் வழியில்லாமல் பிள்ளையை மடியில் போட்டு அழுகிற இடம் வந்தது. இடைவேளையில் ஆசைப்பட்டு ஐஸ் போட்ட சிராப் தண்ணி குடித்திருந்தேன். மேல் ஸ்தாயிக்குப் போனபோது சந்திரமதியின் தொண்டைக்குள்ளிருந்து ஒரு கடோத்கஜன் எட்டிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. உன் ஆயா முன்வரிசையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தன் மகன்தான் பெண் வேஷத்தில் இருக்கிறான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் விடிகாலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், மேற்பார்க்கிற மந்தோர் பெயர் வாசித்தார். என் முறை வந்ததும், "சந்திரமதி!" என்றார். பெரட்டுக் களமே சிரித்தது. எட்டு வருடம் அந்தப் பெயர்தான். பெண் பார்க்க உன் அம்மா வீட்டுக்குப் போனபோதுகூட உள்ளே யாரோ கிசுகிசுப்பது கேட்டது. இரண்டு திருவிழாவோடு நடிப்பை விட்டேன். பால் வெட்டு வேலையில் நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தில்தான் விட்டேன், பாப்பா.

அதே வேலையைத் தமிழ்நாட்டில் டி.கே. சண்முகம் செய்தார். அவ்வையார் வேடம் கட்டிய ஆண். அவருக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவ்வை சண்முகம் என்று சென்னையில் ஒரு சாலையே இருக்கிறது. அவருக்குப் பட்டமாக ஆனது எனக்குக் கேலியாக நின்றதற்குக் காரணம், அவர் நிறுத்தவில்லை, நான் நிறுத்திவிட்டேன்.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். அவர் கணவர் கிட்டப்பாவும் அவரும் மேடையேறினால் எப்படி இருந்திருக்கும் என்று ஹார்மோனியத் தாத்தா, நேரில் கண்டவர் மாதிரியே சொல்வார். 1933 கடைசியில் கிட்டப்பா போனார், 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25. வெள்ளைப் புடவைக்கு மாறினார், இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். 1935இல் நந்தனாராக ஆண் வேடத்திலேயே திரைக்கு வந்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்து ஒரு லட்சம்! அதற்கப்புறம் 1953இல் திரையில் அவ்வையாராகவும் வந்தார். ஆண் கட்டிய அவ்வையும் பெண் கட்டிய நந்தனாரும் நம் ஜனங்களுக்கு ஒத்துப்போயிற்று. ஒரு நாத்தனாருக்கா நம் வீட்டில் இவ்வளவு ரகளை? (அம்மாவுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டவில்லை.)

இப்போது நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் நீ கல்யாண விருந்துகளில் பாட ஆரம்பித்தபோது, "சாப்பிடுகிறவன் முன்னால் பாடுவதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று கேட்டேன். நீ பதில் பேசவில்லை, ஆறு மாதம் பாட்டைப் பற்றியே பேசவில்லை. போன டிசம்பரில் ஈப்போவில் ஒரு விருந்துக்கு வந்திருந்தேனே, மண்டபத்துக் கடைசி மேசையில். எழுநூறு பேர் சாப்பிடுகிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிறார்கள், மாப்பிள்ளையின் நண்பர்கள் கத்துகிறார்கள். நீ அந்த இரண்டாவது பாட்டை எடுத்தாய். எங்கள் மேசைப் பக்கம் தட்டு எடுத்துக்கொண்டிருந்த பங்களாதேஷ் பையன், கையில் ஆறேழு தட்டோடு அப்படியே நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. மேற்பார்வையாளர் வந்து முதுகில் தட்டுகிற வரைக்கும் நின்றான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் தாமதம்தான்.

அப்புறம் தொண்டை. உன் தொடரில் அந்த நாத்தனார் வாரத்துக்கு எத்தனை தடவை கத்துகிறாள் என்று எண்ணினேன். கத்துவது தொண்டையிலிருந்து வருகிறது. மேடையில் நீ ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை, அடிவயிற்றிலிருந்துதான் எடுப்பாய். படப்பிடிப்பில் மைக் தலைக்கு மேலேயே நிற்கிறது, கிசுகிசுத்தாலும் பிடித்துவிடும், அதனால் வயிற்றுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. ஆனால் கோபக் காட்சி என்றதும் தொண்டையை மட்டும் போட்டு அறுக்கிறாய். ஒரே காட்சியை வேறு வேறு கோணத்தில் ஐந்தாறு தடவை எடுப்பார்களாமே, ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கத்துகிறாயா? கேமரா உன் முதுகைப் பார்க்கும்போதாவது அடக்கி வாசிக்கக் கூடாதா? ராத்திரி ஏர்கான், நடுவில் ஐஸ் மைலோ. சிராப் தண்ணிக்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நான் முப்பது வருடம் பால் வெட்டினவன். கத்தி ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் கூடக் கிடைக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே காயம் விழுந்துவிடும், அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், திரும்ப அங்கே கத்தி ஓடாது. அதனால் மேலாகச் சீவுவோம், ஒரு நாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. தொண்டைக்கும் ஒரு நாள் விடு. ஈஎன்டி டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடு, காசு நான் தருகிறேன்.

காசு என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன், நீ முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மலாய் சினிமாவின் பி. ராம்லியை எடுத்துக்கொள். அவருக்கு முதல் கதாநாயகன் வேடம் கொடுத்து 1950இல் படம் எடுத்தது எல். கிருஷ்ணன், நம்ம ஆள். நடிப்பு, பாட்டு, இசை, இயக்கம் எல்லாம் அந்த ஒரே மனிதர். 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் வந்தார், அதற்குப் பிறகு எடுத்த படங்கள் முன்போல ஓடவில்லை. 1973 மே 29, மாரடைப்பு, 44 வயது. செத்துப் பதினேழு வருடம் கழித்து 1990இல் தான் ஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். செத்தாபாக்கில் அவர் வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள், நீ ஒரு தடவை போய்ப் பார். எனக்கு அந்த மனிதரை நினைத்தால் பாட்டைவிட அந்தக் கடைசி வருடங்கள்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

தோட்டத்தில் எனக்கு மாதாமாதம் சம்பளத்தில் இபிஎஃப் சேமநிதி பிடித்தார்கள். அன்றைக்குத் திட்டினேன். 55 வயதில் எடுத்த அந்தப் பணத்தில்தான் இந்தத் தாமான் வீட்டின் பின்கட்டு எழும்பிற்று. உனக்கு முதலாளி என்று யாரும் இல்லை, நாளுக்கு இவ்வளவு, எபிசோடுக்கு இவ்வளவு. பிடிக்க ஆளில்லை என்றால் நீயே போடு. இபிஎஃப்பிலேயே ஐ-சாரான் என்று சொந்தமாக வேலை செய்பவர்களுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள், நீ போடுவதற்கு அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. கல்யாண விருந்தில் பாடுகிற ஒவ்வொரு ராத்திரிக்கும் ஐம்பது வெள்ளி அதில் போய்விட வேண்டும். போன தொடரில் பாக்கி வைத்தவர்களிடம் வாய்வார்த்தையோடு நின்றாய் அல்லவா, இனி எழுத்தில் வாங்கிக்கொள்.

வங்கி வேலை வேண்டுமென்றால் போ. அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் மீன்கார அக்காவுக்காகவோ எனக்காகவோ போகாதே.

திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தோட்டம் செம்பனையாகி லயத்தை இடித்தும், கோயில் மட்டும் அங்கேயேதான் நிற்கிறது. கமிட்டிக்காரர்கள் நேற்று வந்து, பாப்பா இரண்டு பாட்டுப் பாடுமா என்று கேட்டார்கள். வேலையிருக்கும் என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன், அம்மா குறுக்கே வந்து, பாடும் என்று சொல்லிவிட்டாள். இந்தத் தடவை மைக் நாலு இருக்கிறதாம்.

ஹார்மோனியத் துருத்தியில் ஓர் ஓட்டை, சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறேன், காற்று நிற்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லு: ஐந்து கட்டையா, ஐந்தரையா?

அப்பா