ஏசைட்டு போன குழாயை அறுக்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வுகூட நச்சுப்பொருட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போத்தலைத் திறப்பவரை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். அவருக்குக் கையுறை உண்டு, பயிற்சி உண்டு, போத்தலின் மேல் மண்டையோட்டுப் படமும் உண்டு. சோடியம் ஏசைட்டு விடயத்தில் நாங்கள் அஞ்சுவது வேறு இருவருக்காக: அடைத்துக்கொண்ட சிங்க்கைத் திருத்த வரும் பைப் பாஸ், அதில் அமிலம் ஊற்றிக் கழுவும் சுத்திகரிப்புத் தொழிலாளி. மலையகத்தின் வைத்தியசாலைகளிலும் கல்வி நிறுவனங்களிலும் இந்த வேலைகளில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போத்தலின் ஆங்கில எச்சரிக்கை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

சோடியம் ஏசைட்டு ஒரு வெள்ளைத் தூள். மருந்து ஆராய்ச்சியில் அதற்குப் பெரிய இடம் உண்டு. கிளினிக்கில் பிரஷருக்குத் தரும் லொசார்டன் குளிசையின் மூலக்கூறில் நான்கு நைதரசன் அணுக்கள் அடங்கிய வளையம் ஒன்று இருக்கிறது. அந்த வளையத்தைக் கட்ட ஏசைட்டுச் சேர்வை ஒன்று வேண்டும். (குளிசை குடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.) சாதாரண ஆய்வுகூடங்களில் அது வந்து சேர்வது சிறு அளவில், வேறு வேலைக்காக. புரதக் கரைசல்களிலும் பிறபொருளெதிரிக் கரைசல்களிலும் இரத்தப் பரிசோதனைக்கான சில கரைசல்களிலும் பூஞ்சணமும் பற்றீரியாவும் பிடிக்காமலிருக்க 0.02 முதல் 0.1 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். விதைகளில் விகாரம் உண்டாக்கும் பயிர் ஆராய்ச்சியிலும் பயன்படுகிறது.

உடலுக்குள் போனால், கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் கடைசிப் படியைத் தடுக்கும். இரத்த அழுத்தம் சடுதியாக இறங்கும். தலையிடி, படபடப்பு, மயக்கம் வரும். அதற்கென்று மாற்றுமருந்து கிடையாது, சயனைட்டுக்குரிய மருந்துகளையும் நம்பியிருக்க முடியாது. எவ்வளவு போனால் என்ன ஆகும் என்ற கணக்கைப் பத்திரிகையில் அச்சிடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பூட்டிய அலுமாரியில், பதிவேட்டில் நிறை குறித்து வைக்க வேண்டிய பொருள் என்று கொண்டால் போதும்.

முதல் ஆபத்து அமிலம். ஏசைட்டுக் கரைசலில் அமிலம் சேர்ந்தால் ஐதரசோயிக் அமிலம் உண்டாகும். அதன் கொதிநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். ஆகவே நுவரெலியாக் குளிரிலும் அது தாராளமாக ஆவியாகும். பீஎச் என்பது அமிலத்தன்மை கூடக்கூட இறங்கும் எண்; அது 7 ஆக இருக்கையில் கரைந்துள்ள ஏசைட்டில் ஏறத்தாழ 0.5 சதவீதம்தான் இந்த வடிவில் இருக்கும். பீஎச் 4.7 இல் பாதி, பீஎச் 3 இல் 98 சதவீதம். விதை விகார ஆய்வில் வேண்டுமென்றே பீஎச் 3 தாங்கற்கரைசலைப் பயன்படுத்துவார்கள் என்பதால், விதை ஊறவைப்பதும் வடிப்பதும் கழுவுவதும் முழுக்க முழுக்கப் பியூம் கப்போட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்புக்குள்) நடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்தோம் என்பது பதிலாகாது. காற்றில் இந்த ஆவிக்கு ஒரு கணமும் மீறக்கூடாத எல்லையாக வைத்திருப்பது பத்து இலட்சத்தில் 0.11 பங்கு. மணம் வரும்வரை காத்திருப்பவர் அந்த எல்லையைத் தாண்டியிருப்பார். கழிவுப் போத்தலின் பீஎச் 9 க்கு மேல் இருக்கட்டும். மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தைச் சிங்க்கில் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஏசைட்டு போகும் சிங்க்கில் அது கூடவே கூடாது. வெளிற்றும் திரவமும் அப்படித்தான். குளோரினும் ஏசைட்டும் சேர்ந்தால் நச்சான, வெடிக்கக்கூடிய வாயு உண்டாகலாம்.

இரண்டாவது ஆபத்து உலோகம். இதுதான் மெதுவாகச் சேர்வது. செம்பு, ஈயம், பித்தளை ஆகியவற்றின் மேல் ஏசைட்டு நீர் திரும்பத் திரும்பப் பட்டால், உட்சுவரில் செப்பு ஏசைட்டும் ஈய ஏசைட்டும் படியும். அவை உராய்வுக்கும் அடிக்கும் வெடிப்பவை. குழாய் திருத்தும்போது ஆய்வுகூடங்களில் நேர்ந்த வெடிப்புகளை ஒட்டி, அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1976 ஆம் ஆண்டே இதற்கென்று தனி எச்சரிக்கை வெளியிட்டது. ஐம்பது வருடப் பழைய செய்திதான். நம் பழைய கட்டடங்களின் குழாய்களும் அதே வயதுதான்.

‘எங்களிடம் பீ.வீ.சீ. குழாய்தான் இருக்கிறது’ என்பார்கள். குனிந்து பார்க்க வேண்டும். சிங்க்கின் கீழே வெள்ளி போல மினுங்கும் போத்தல் வடிவ ட்ராப் பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளை. நீர் தேங்கி நிற்பதும் அதில்தான், படிவு சேர்வதும் அதில்தான். சரிவில் கட்டிய கட்டடங்களில் மேல்மாடிக் குழாய் பீ.வீ.சீ. ஆக இறங்கி, கீழ்த்தளச் சுவருக்குள் பழைய ஈயக் குழாயோடு சேர்வதுண்டு. முனையிலிருந்து வெளிக்குழி வரை குழாயைத் தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும். இன்னொரு மறைவிடம், மாதிரிகளைச் சூடாக வைத்திருக்கும் ஆய்வுகூட வெந்நீர்த்தொட்டி: பாசி பிடிக்காமலிருக்க அதில் ஏசைட்டு போடும் பழக்கம் சில இடங்களில் இருந்து வருகிறது. உள்ளே செப்புச் சுருளோ பித்தளை வடிகுழாயோ இருந்தால் அதுவும் அதே கதை. வாராவாரம் நீரை மாற்றுவது ஒன்றும் பெரிய வேலையல்ல.

சந்தேகமான ட்ராப்பைத் தட்டக்கூடாது, கம்பி விட்டுக் குத்தக்கூடாது, வாளால் அறுக்கக்கூடாது, மறையைத் திருகிக் கழற்றவும் கூடாது. அந்த 1976 எச்சரிக்கை காட்டும் வழி இது: ட்ராப்பில் உள்ள நீரை இறப்பர்க் குழாயாலோ வளையும் பிளாஸ்டிக் குழாயாலோ உறிஞ்சுகுழாய் முறையில் எடுத்துவிட்டு (வாயால் இழுக்கக்கூடாது), 10 சதவீத சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலால் நிரப்பி, 16 மணித்தியாலம் விட்டு, பின் நிறைய நீரால் அலச வேண்டும். ஒரு லீற்றருக்கு 100 கிராம் கோஸ்டிக் சோடா (அதே சோடியம் ஐதரொட்சைட்டு; சமையல் சோடா அல்ல). நீருக்குள் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். முகக்கவசமும் நீளக் கையுறையும் கட்டாயம். மாலையில் ஊற்றி மறுநாள் காலையில் அலசுவது வசதி, ஆனால் இரவில் யாரும் அந்தச் சிங்க்கைத் தொடாதபடி கதவு பூட்டியிருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பாதையில் மட்டும் போகும் சிங்க்காக இருந்தால், 0.1 சதவீதத்துக்குக் குறைந்த சிறு மிச்சங்களை நிறைய நீர் விட்டு அனுப்புவதுண்டு. எங்கள் கருத்தில் அதையும் சேகரித்து வைப்பதே நல்லது. செறிவான கரைசலும் தூளும் எந்தச் சிங்க்குக்கும் போகக்கூடாது. அவற்றை அழிக்க ஒழுங்கான முறை இருக்கிறது, பயிற்சி பெற்ற இரசாயனவியலாளருக்கு மட்டும். பியூம் கப்போட்டுக்குள், கரைசலை 5 சதவீதத்துக்கு மேற்படாமல் நீர்த்து, கலக்கிக்கொண்டே, ஒரு கிராம் ஏசைட்டுக்கு 1.5 கிராம் சோடியம் நைத்திரைற்று வீதம் 20 சதவீதக் கரைசலாகச் சேர்க்க வேண்டும். அதன் பிறகே 20 சதவீத சல்பூரிக்கமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, பாசிச்சாயத்தாள் அமிலம் காட்டும்வரை விட வேண்டும். வரிசை மாறினால், அதாவது நைத்திரைற்றுக்கு முன் அமிலம் விழுந்தால், நாம் அஞ்சும் ஆவி அங்கேயே எழும். சரியாகச் செய்தாலும் நைத்திரிக் ஒட்சைட்டு வெளிவரும். கரைசல் பொங்குவது அடங்கியதும் மாப்பொருள்-அயடைட்டுத் தாளில் தொட்டால் நீலம் வர வேண்டும். நீலம் வந்தால் நைத்திரைற்று மிஞ்சியிருக்கிறது, ஏசைட்டு முடிந்துவிட்டது.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு, பலர் மறப்பது. கழிவில் டைமெதைல்போமமைட் போன்ற கரைப்பான் இருந்தால் இந்த நைத்திரைற்று முறை வேண்டாம். அதிலுள்ள டைமெதைலமைனும் நைத்திரைற்றும் அமிலத்தில் சேர்ந்து நைத்திரோசமைன் என்ற புற்றுநோய்க் காரணியை உண்டாக்கும். 2018 இல் வால்சார்டன் என்ற பிரஷர் மருந்துகள் உலகெங்கும் மீளப்பெறப்பட்டதன் பின்னணி இதுதான்: உற்பத்தியில் மிஞ்சிய ஏசைட்டை அழிக்கப் போட்ட நைத்திரைற்றே மருந்துக்குள் மாசை உண்டாக்கியது. டைகுளோரோமெதேன், குளோரோபோம் ஆகிய கரைப்பான்கள் இரண்டையும் ஏசைட்டோடு ஒரே பாத்திரத்தில், ஒரே கழிவுப் போத்தலிலும்கூட, சேர்க்கக்கூடாது. வெடிக்கும் சேர்வைகள் உருவாகும்.

நிறுப்பது பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும்: உலோகக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டி, நைட்ரைல் கையுறை, பிளாஸ்டிக் மூடி, அதே தட்டில் அமிலம் இருக்கக்கூடாது. தூளை அடிக்கடி நிறுப்பதைவிட 5 சதவீதக் கரைசலாக ஒருமுறை தயாரித்து, அல்லது கரைசலாகவே வாங்கி, ஒரு லீற்றருக்கு 4 மில்லிலீற்றர் சேர்த்தால் 0.02 சதவீதம் கிடைக்கும். அதைவிட நல்லது, சேர்க்காமலே விடுவது. 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடித்துக் குளிரூட்டியில் வைத்தால் பல கரைசல்கள் தாங்கும். புரதங்களைப் பிரிக்கும் நிரல்களின் நிரப்பிகள் பலவற்றை 20 சதவீத எதனோலில் வைக்கலாம். பெரொட்சிடேசு நொதி தரும் நிறத்தைப் பார்த்து முடிவு சொல்லும் எலைசா பரிசோதனையில் ஏசைட்டு இருந்தால் நொதி செயலிழந்து நிறமே வராது. நஞ்சையும் போட்டு முடிவையும் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

யாராவது விழுங்கியோ சுவாசித்தோ இருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டாம். வாந்தியிலிருந்தும் ஆவி எழும், ஏனெனில் இரைப்பையில் இருப்பதும் அமிலம்தான். ஜன்னல்களைத் திறந்து, தூள் பட்ட உடையைக் களைந்து, தோலை நீரால் கழுவி, 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கையில் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். வாந்தியைச் சிங்க்கில் ஊற்றாமல் மூடிய பிளாஸ்டிக் பாத்திரத்தில் வையுங்கள்.

நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது செலவில்லாத ஒன்று. எந்தச் சிங்க்கில் எந்த ஆண்டு முதல் ஏசைட்டு போனது என்பதைப் பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அந்தச் சிங்க்கின் மேல் மட்டுமல்லாமல், பாஸ் படுத்து வேலை செய்யும் கீழ்ப்பக்கத்திலும், தமிழிலும் சிங்களத்திலும் இப்படி ஒரு பலகை ஒட்டுங்கள்: ‘இந்தக் குழாயில் ஏசைட்டுப் படிவு இருக்கலாம். அமிலமோ வெளிற்றும் திரவமோ ஊற்ற வேண்டாம். தட்டவோ அறுக்கவோ கழற்றவோ வேண்டாம். கோஸ்டிக் சோடா விட்டு அலசிய திகதி: ____. கீழே கையொப்பம் இல்லையென்றால் வேலையைத் தொடங்க வேண்டாம்.’

இப்படிக்கு,
ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் இருவர்,
கண்டி.