வண்டியில் குடியேறும் மகளுக்கு

சங்ககிரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. படித்து முடித்ததும் மாப்பிள்ளையிடமும் கொடு.

வைகாசியில் நீங்கள் இருவரும் பெங்களூரு வீட்டைக் காலி செய்துவிட்டு, டாடா 407 என்கிற சிறு லாரியிலேயே குடியிருந்துகொண்டு காஷ்மீர், லடாக் வரை போய் ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போகிறீர்கள் என்பதை நம் உறவுக்காரர்களில் பலரால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கைநிறையச் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு யாராவது லாரியில் போய்க் குடியிருப்பார்களா என்று என்னிடமே கேட்கிறார்கள். இந்த ஊரில் அந்தக் கேள்வி எனக்கு வியப்பாக இருக்கிறது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் எத்தனையோ குடும்பங்கள், வீட்டு ஆண்பிள்ளை மாதக் கணக்கில் லாரியிலேயே உண்டு உறங்கி வந்ததால்தான் தலைநிமிர்ந்தன. நம் வீடும் அப்படி எழுந்ததுதான். ஆகவே உன் முடிவில் எனக்குத் துளியும் வருத்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு வண்டி ஓட்டத் தெரியும், மாப்பிள்ளையும் நன்றாகவே ஓட்டுகிறார். ஆனால் வண்டி ஓட்டுவது ஒரு வேலை, வண்டியில் குடித்தனம் நடத்துவது வேறொரு வேலை. நான் பார்த்த வரையில், நல்ல கைத்திறன் உள்ள டிரைவர்கள் பலர் இந்த இரண்டாவது வேலையைச் சரியாகப் பழகாமல்தான் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள், சிலர் விபத்தில் போனார்கள். அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எல்லாவற்றுக்கும் முதலில் தூக்கம். எங்கள் காலத்தில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, ஒரு டிரைவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று இருந்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் அது ஏட்டில் இருந்ததே தவிர ரோட்டில் இருந்ததில்லை, ஏனென்றால் லோடு சொன்ன நாளில் இறங்கியாக வேண்டும். உங்கள் வண்டியில் லோடு இல்லை, உங்களை எதிர்பார்த்துக் குடோன் வாசலில் யாரும் நிற்கப் போவதில்லை. அப்படியிருக்க, பொழுது சாய்ந்த பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கண் திறந்தபடியே தூக்கம் வரும். எதிரில் நிற்கிற வண்டி ஓடுகிற வண்டியைப் போலத் தெரியும். தேநீரோ வெற்றிலையோ பாட்டோ அந்த நேரத்தில் உதவாது, உதவுவது படுக்கை ஒன்றுதான். மாலை நான்கு மணிக்கே அன்றைய இரவுக்கான இடத்தைத் தேடத் தொடங்கிவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். லாரிகள் வரிசையாக நிற்கிற தாபாவும், ஆளிருக்கிற பெட்ரோல் பங்கும், பஞ்சாபுக்குள் போன பிறகு குருத்வாராக்களும் நல்ல இடங்கள். எங்கே நிறுத்தினாலும் முதலில் இறங்கிப் போய் அங்கிருக்கிற பெரியவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கேட்டு நிறுத்திய வண்டியை இரவில் அவர்களே ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும், பின்சக்கரத்துக்குக் கட்டை போட மறக்க வேண்டாம். மலையில் பாறைச் சரிவுக்குக் கீழேயும், காய்ந்து கிடக்கிறதே என்று நம்பி ஓடைப் படுகையிலும் ஒருபோதும் படுக்கை விரிக்காதீர்கள். மேலே எங்கோ பெய்கிற மழை கீழே வரும்போது எந்த முன்னறிவிப்பும் தராது.

காலையில் சாவி போடுவதற்கு முன் வண்டியை ஒருமுறை சுற்றி வருவதை நீயே உன் பொறுப்பாக எடுத்துக்கொள். குனிந்து அடியில் பார். இரவு நின்ற இடத்தில் ஆயிலோ தண்ணீரோ டீசலோ சொட்டியிருந்தால் மண்ணில் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு டயரையும் கட்டையால் தட்டிப் பார். காற்று சரியாக இருக்கிற டயர் கணீரென்று கட்டையைத் திருப்பி அனுப்பும், குறைந்த டயர் மந்தமாக வாங்கிக்கொள்ளும். பின்னால் ஜோடியாக இருக்கிற டயர்களில் உள்டயரைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று கையை விட்டுப் பார். சக்கர நட்டுகளில் ஏதாவது ஒன்றைச் சுற்றிப் புதிதாகத் துருக் கோடு வடிந்திருந்தால் அந்த நட்டு இளகிவிட்டது என்று பொருள். ஸ்பானரை எடுக்காமல் கிளம்பாதே. இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும்.

நீங்கள் போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நாங்கள் ஆறுகளை வைத்துத்தான் மனத்தில் வைத்திருந்தோம். காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணையைத் தாண்டினால் வீடு பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். அனந்தபூருக்கு மேலே பாமிடியில் வடபெண்ணை, கர்நூலில் துங்கபத்திரை, அடுத்துக் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி, மராட்டிய எல்லையில் பைன்கங்கா என்று ஒவ்வொன்றாகக் கடந்து நாக்பூரைப் பிடிப்போம். அதற்கு மேல் பென்ச் காட்டுப் பகுதியில் புலியும் மானும் கீழே கடந்து போவதற்காகச் சாலையைத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நரசிங்கபூரைத் தாண்டியதும் பர்மானில் நர்மதை வரும். என் நாட்களில் அந்தப் பாலத்தைப் பெரும்பாலும் இருட்டில்தான் கடந்திருக்கிறேன். தண்ணீரின் வாசனை ஜன்னல் வழியாக வரும், ஆறு கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் அங்கே ஒரு பகல் முழுவதும் தங்கி, படித்துறையில் குளித்துவிட்டுப் போங்கள். முரைனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவில் சம்பல் ஆற்றின் இருபுறமும் மண் அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கிற நிலத்தையும், மணல் திட்டில் வெயில் காய்கிற கரியால் முதலைகளையும் பார்க்க வேண்டும். அதன் பின் லூதியானாவைத் தாண்டி சட்லெஜ், பிறகு பியாஸ், மாதோபூரில் ராவி. ராம்பனில் செனாப் வந்தால் மலைக்குள் நன்றாகப் போய்விட்டீர்கள்.

வைகாசியில் நாக்பூர்ப் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும். அந்தப் பகுதியில் விடியற்காலையில் கிளம்பிப் பதினொரு மணிக்குள் நிழலில் நிறுத்திவிடுங்கள். சூடேறிய டயரில் காற்றை இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். ஆறிய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை மணாலி வழியாக லே போகலாம் என்று சொன்னதாக உன் அம்மா சொன்னாள். நான் வேறுவிதமாக நினைக்கிறேன். மணாலி வழியில் போனால் உடம்பு பழகுவதற்குள்ளேயே சார்ச்சூவைப் போலப் 14,000 அடி உயரத்தில் இரவு தங்க நேரும்; தலைவலியும் வாந்தியும் அங்கேதான் ஆளைச் சாய்க்கும். ஸ்ரீநகர் 5,000 அடியைச் சற்றே தாண்டும், கார்கில் 9,000 அடிக்குச் சற்றுக் கீழே, லே 11,500 அடி. இந்த வழியில் நடுவில் கணவாய்கள் உயரமாக இருந்தாலும், இரவில் படுக்கிற இடங்கள் படிப்படியாகத்தான் ஏறும். எனவே ஸ்ரீநகர் வழியாக ஏறி, உடம்பு பழகிய பிறகு மணாலி வழியாக இறங்குங்கள். லே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாளாவது எதுவும் செய்யாமல் கிடக்க வேண்டும். உயரத்தில் மூச்சு வாங்குவதும் தலை கனப்பதும் கூடிக்கொண்டே போனால், வீம்பு பிடிக்காமல் உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

காஷ்மீருக்குப் போகிற வழியில் 2017-இல் திறந்த செனானி–நஷ்ரி சுரங்கமும் 2021-இல் திறந்த பனிஹால்–காசிகுண்ட் சுரங்கமும் எங்கள் காலத்துக் கஷ்டத்தில் பாதியைக் குறைத்துவிட்டன. ஆனால் ராம்பன் பக்கம் மலை இன்னும் சரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆப்பிள் லோடு ஏற்றிக்கொண்டு காசிகுண்டில் வழி திறக்கும் வரை நாட்கணக்கில் நின்றிருக்கிறேன். நான்கு நாளைக்கு அரிசி, பருப்பு, தண்ணீர், டீசல் ஆகியவை எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. லடாக்கில் ரோட்டைக் குறுக்கே கடக்கிற பனி ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு இருக்கும், வெயிலில் பனி உருகிப் பிற்பகலில் வண்டியை இழுக்கிற அளவுக்குப் பெருகும். அவற்றைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

சமையலைப் பற்றி அம்மா தனியாகச் சொல்வாள், பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் இப்போதே செய்யத் தொடங்கிவிட்டாள். என் பங்குக்கு ஒன்று: அரிசியும் பருப்பும் சாதத்தை நம்பினால் ஒரு குக்கரோடு வேலை முடிந்துவிடும், தண்ணீரும் மிச்சம். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தாலும் அந்தச் சூட்டில் சோறு வேகாது, ஆகவே குக்கர் இல்லாமல் போக வேண்டாம். அடுப்பை முடிந்தவரை வண்டிக்கு வெளியே பற்றவையுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பையோ கணப்பையோ உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஒருநாளும் தூங்கக் கூடாது. அந்தப் புகைக்கு வாசனை தெரியாது கண்ணு. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். எத்தனை கம்பளி வேண்டுமானாலும் நான் வாங்கித் தருகிறேன்.

வண்டிக்குள்ளேயே ஒரு சின்னக் கழிப்பறை வேண்டும் என்று நீ கேட்டதை, வண்டியை வீடாக மாற்றுகிற நாமக்கல் பட்டறைக்காரர் இடம் போதாது என்று தள்ளப் பார்த்தாராம். நான் போய்ப் பேசிவிட்டேன், கட்டில் அரை அடி குறைந்தாலும் அது இருக்கும். ஆண்கள் மட்டுமே ஓடிய ரோட்டில் பெண்பிள்ளைகளுக்கான வசதி இன்னும் போதாது. இடம் கிடைக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பாடியை மாற்றியது ஆர்.சி.யில் ஏற வேண்டும், இன்சூரன்ஸிலும் பதிய வேண்டும். இரண்டும் கைக்கு வரும் வரை தமிழ்நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டாம்.

நாமக்கல்லில் வண்டியை எடுத்ததும் நேரே பெங்களூருக்கு ஓட்டிவிடாமல் இங்கே வந்து நான்கு நாள் தங்குங்கள். சாமான்களை நம் வாசலில் வைத்தே ஏற்றலாம், கனமானவை அடியிலும் நடுவிலும் போக வேண்டும். தண்ணீர் டேங்கை நிரப்பி, முழுப் பாரத்தோடு மூவரும் ஏற்காட்டுக்கு ஏறி இறங்குவோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கி, பிரேக்கை மிதித்தே வைத்திருக்காமல் இன்ஜினாலேயே வண்டியைப் பிடிப்பதை நீங்கள் இருவரும் அங்கே மாறி மாறிப் பழகிவிடலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். திரும்பி வந்ததும் ஸ்டெப்னியை நீயே ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று எழுது, மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா